தார்ச்சாவில் புகுந்த வண்டி சர்சூ வந்து சேர்ந்ததா?

உயர்மலை நெடுஞ்சாலைகளுக்கான கண்காணிப்புக் கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,



வாகனங்களை எண்ணும் கருவி, வேகம் பார்க்கும் ரேடார், நம்பர் பிளேட் படிக்கும் கேமரா, விபத்தைக் கண்டால் மணியடிக்கும் மென்பொருள் என்று வருபவற்றையெல்லாம் சோதித்து, தேறியது, தேறவில்லை என்று கையெழுத்திடுகிற பொறுப்பு உங்களுடையது. உங்களில் பலர் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் அமர்ந்து நாடு முழுவதற்குமான கருவிகளைப் பார்க்கிறவர்கள். நாட்டின் சாலை விபத்துத் தரவுகளைத் திரட்டும் ‘ஐராட்’ அமைப்பே சென்னை ஐ.ஐ.டி.யில் உருவானதுதான். அதனால் இமயமலைச் சாலை ஒன்றைப் பற்றித் தமிழில் உங்களுக்கு எழுதுவது பொருத்தமே என்று நினைக்கிறேன்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். சமவெளிக்கு எழுதிய வினாத்தாளை வைத்துக்கொண்டு 4,000, 5,000 மீட்டர் உயரத்துச் சாலையின் கருவிகளுக்கு மதிப்பெண் போடாதீர்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வியே வேறு. ஒரு நாளில் எத்தனை வண்டி போனது என்பது சமவெளியின் கேள்வி. மலைமேல் போன வண்டி மறுபக்கம் இறங்கியதா என்பது அந்தச் சாலையின் கேள்வி.

மணாலி – லே சாலையையே எடுத்துக்கொள்கிறேன். அடல் சுரங்கப்பாதையைக் கடந்தால் லாஹௌல் பள்ளத்தாக்கு. சிஸ்ஸு, கேலாங், ஜிஸ்பா, தார்ச்சா என்று சில ஊர்கள். தார்ச்சாவுக்கு அப்பால் ஆண்டு முழுவதும் ஆள் குடியிருக்கும் ஊர் என்று சொல்ல நெடுந்தூரம் எதுவுமில்லை. ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரத்தில் பாராலாச்சா லா கணவாய், இறங்கினால் சர்சூ, மறுபடி 5,000 மீட்டரைத் தாண்டி லாச்சுலுங் லா, அப்புறம் பாங், மோரே சமவெளி, 5,300 மீட்டருக்கும் மேலே தங்லங் லா, பிறகு உப்ஷி வழியாக லே. அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டரில் என்று வழியில் உள்ள டாண்டியில் நின்ற பலகை பல ஆண்டுகள் இந்தச் சாலையின் அடையாளமாகவே இருந்தது. கோடை மாதங்களில் ராணுவ வாகன வரிசைகள், எண்ணெய் டேங்கர்கள், காய்கறி லாரிகள், நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வரும் மோட்டார் சைக்கிள்கள், அவற்றில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்டவையும் என எல்லாம் இந்தச் சாலையில் போகும். குளிர்காலத்தில் உயர்ந்த கணவாய்கள் மாதக்கணக்கில் பனிக்குள் கிடக்கும். அதை வெட்டித் திறப்பது 1960-இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு.

முதலில் கருவியின் உடம்பைப் பார்ப்போம். தங்லங் லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. மனிதனுக்கு மூச்சு வாங்குவது நமக்குத் தெரிகிறது, கருவிக்கு வாங்குவது தெரிவதில்லை. பதிவுப் பெட்டிக்குள் இருக்கும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் படிக்கும் முனை தட்டைத் தொடாமல், மெல்லிய காற்றுப்படலத்தின் மேல் மிதந்துதான் வேலை செய்கிறது. காற்று மெலிந்தால் அந்த மிதப்பு குறைந்து, முனை தட்டில் உரச வாய்ப்பு உண்டு. அதனால் இத்தகைய டிஸ்க்குகளுக்கு இயங்கும் உயர வரம்பாகத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் குறிப்பது 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி. அடல் சுரங்கத்தின் வடக்கு வாயில் 3,071 மீட்டரில் இருக்கிறது. பயணம் உண்மையில் ஏறத் தொடங்கும் முன்பே வரம்பு முடிந்துவிடுகிறது. கேமரா எவ்வளவு நல்லதென்று பத்துப் பக்கம் எழுதும் அறிக்கை, அது பார்த்ததை எந்தத் தட்டில் பதிவு செய்கிறது என்று ஒரு வரி கேட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மெல்லிய காற்று மின்சாரத்தைத் தடுக்கும் திறனிலும் மெலிந்ததுதான். ஐ.ஈ.சி. 60664 தரநிலையில் மின்கடத்திகளுக்கிடையே விட வேண்டிய காற்றிடைவெளி 2,000 மீட்டர் உயரம் வரைக்குமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 5,000 மீட்டருக்குப் போனால் அதை 1.48-ஆல் பெருக்க வேண்டும். பெட்டிக்குள் சுழலும் விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அள்ளிச் செல்லும் காற்றின் நிறை ஏறத்தாழப் பாதிதான். வெளியே குளிர், பெட்டிக்குள் சூடு தாங்காமல் மின்சுற்று நின்றுபோகிறது என்பது கேட்க விசித்திரமாக இருக்கும். மேகமில்லாத ஜூலை நண்பகலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் அதுவே நடக்கக்கூடியது.

பேட்டரி இன்னும் பெரிய தலைவலி. லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு மைனஸ் 20 டிகிரியில் பாதியளவுக்கு இறங்கிவிடும். சார்ஜ் தீர்ந்த நிலையில் விட்டால் உள்ளேயுள்ள அமிலநீர் மைனஸ் 10 டிகிரியை எட்டும் முன்பே உறைந்து ஓடு வெடிக்கவும் கூடும். லித்தியம் பேட்டரி என்றால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றும்போது உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து மெல்ல மெல்ல அழிகிறது. லடாக்கில் வெயிலுக்குக் குறைவில்லை, சூரியப் பலகைக்குக் குளிரும் நல்லது. ஆனால் பலகைமேல் ஒரு சாண் பனி கிடக்கும் மூன்று நாளில் கருவி எதைக் குடித்து உயிர் வாழும்? அந்த மூன்று நாள்தான் நமக்கு அந்தக் கருவி தேவைப்படும் மூன்று நாள்.

தூசுக்கும் நீருக்கும் ஐ.பி. 66 சான்று இருக்கிறது என்று விற்பவர் சொல்வார். நல்லது. அந்தச் சான்று புற ஊதாக் கதிரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆயிரம் மீட்டர் ஏற ஏற அந்தக் கதிர் பத்து விழுக்காட்டுக்குக் குறையாமல் கூடுகிறது. கேமராவின் பிளாஸ்டிக் கூண்டு மங்கி மஞ்சளாவதையும், கேபிளின் மேலுறை வெடிப்பதையும், விடியற்காலையில் கண்ணாடிமேல் படியும் உறைபனியையும் அந்தச் சான்று சோதிப்பதில்லை.

சாலைக்குள் புதைக்கும் கம்பிச்சுருள் உணரிகளை இந்த உயரத்தில் நான் நம்பவே மாட்டேன். இரவில் உறைந்து பகலில் இளகும் மண் தாரைத் தூக்கித் தூக்கிப் போடும். டயரில் சங்கிலி கட்டிய லாரிகள் அதன்மேல் ஏறும். வசந்தத்தில் பனி வெட்ட வரும் டோசரின் தகடு மிச்சத்தைச் சுரண்டிவிடும். சாலையோரக் கம்பத்தில் நின்று பார்க்கும் மைக்ரோவேவ் ரேடாருக்கு மூடுபனியும் பனித்தூவலும் அவ்வளவாகத் தடையில்லை. அது முகத்தையும் நம்பரையும் பார்க்காது, ஆனால் ஏதோ ஒன்று போனது என்று சொல்லும். பனிப்புயலில் அந்த ஒரு வார்த்தை போதும். படம் எடுக்கும் கேமரா, நல்ல வானிலையில் அதற்குத் துணை. எது முதன்மை, எது துணை என்பதைச் சமவெளி டெண்டரிலிருந்து நகலெடுக்காமல் உயரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனி மென்பொருள். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2023-இல் கொண்டுவந்த போக்குவரத்து மேலாண்மைக் கொள்கை, கேமரா தானாகக் கண்டறிய வேண்டிய 14 வகை நிகழ்வுகளைச் சொல்கிறது. தலைக்கவசம் இல்லாதது, தடம் மாறிப் போவது, சாலையில் விலங்கு வருவது எல்லாம் அதில் உண்டு. ஆறுவழிச் சாலைக்கு அது சரி. லாஹௌலில் கோடையில் கத்தி (Gaddi) எனப்படும் இடையர் இனத்தவர் ஆட்டு மந்தைகளை மேய்ச்சலுக்கு ஓட்டி வருவார்கள். அங்கே சாலையில் விலங்கு என்பது விபத்தல்ல, அன்றாடம். கணவாயின் உச்சியில் எல்லா வண்டியும் நின்று படமெடுக்கும், ஆகவே ‘நின்றுவிட்ட வாகனம்’ என்ற எச்சரிக்கை நாளெல்லாம் அடிக்கும். ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லாரி, எஞ்சினுக்குக் காற்றுப் போதாமல் நடக்கும் வேகத்தில் ஊரும், அதை நெரிசல் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். காரணமில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கும் மணியைக் கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் என்ன செய்வார்? அணைத்து வைப்பார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்த மணியைத் தேறியது என்று அனுப்பியவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, நம்பர் பிளேட் படிக்கும் மென்பொருளை எந்தப் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள் என்று கேளுங்கள். இந்திய ராணுவ வண்டிகளின் பதிவெண் மேல்நோக்கிய அம்புக்குறியோடு எழுதப்படும், மாநில எழுத்துகளோடு தொடங்காது. இந்தச் சாலையின் போக்குவரத்தில் கணிசமான பங்கு அந்த வண்டிகள். சேறும் பனியும் அப்பிய பிளேட்டுகள் அதற்கு மேல். ஒன்றையொன்று ஒட்டி வரும் வரிசையில் பின்வண்டியை முன்வண்டி மறைக்கும். நகரத்தின் சுத்தமான பிளேட்டில் 98 விழுக்காடு படித்த மென்பொருள் தார்ச்சாவில் என்ன படிக்கிறது என்பதைத் தார்ச்சாவில்தான் சோதிக்க முடியும்.

விழுக்காடு என்றதும் ஒரு கணக்கு சொல்லத் தோன்றுகிறது. ஒரு பேச்சுக்கு, தெளிந்த வானமுள்ள ஒரு நாளில் 1,000 வண்டிகள் போகின்றன, கருவி 980-ஐச் சரியாகப் பிடிக்கிறது. மறுநாள் பனி கொட்டுகிறது, 20 வண்டிகள் மட்டும் போகின்றன, கருவி 12-ஐப் பிடிக்கிறது, 8-ஐத் தவறவிடுகிறது. இரண்டு நாளையும் கூட்டினால் 1,020-க்கு 992. துல்லியம் 97 விழுக்காட்டுக்கும் மேல் என்று அறிக்கை எழுதலாம், அதில் ஒரு எண்ணும் பொய்யில்லை. ஆனால் ஆபத்தில் இருந்தவர்கள் அந்த எட்டு வண்டிகளில்தான் இருந்தார்கள். நம் சராசரி அவர்களைக் கரைத்துவிட்டது. தயவுசெய்து நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். சாலை மூடப்பட்ட நாட்களையும் கருவி செத்துக் கிடந்த நாட்களையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுச் சராசரி எடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள்.

நகர்ப்புறமல்லாத சாலைகளில் போக்குவரத்து எண்ணுவதற்கான இந்திய சாலைகள் காங்கிரஸின் பழைய வழிகாட்டி, அறுவடையும் விற்பனையும் மும்முரமாக நடக்கும் பருவத்தில் ஒரு வாரம், ஓய்ந்த பருவத்தில் ஒரு வாரம் என்று ஆண்டுக்கு இருமுறை எண்ணச் சொல்கிறது. விவசாய நாட்டுக்குப் பொருத்தமான அளவுகோல். உயர்மலைக்கு அந்த இரண்டு வாரங்கள் எவை? பனியை வெட்டிச் சாலை திறந்த முதல் வாரம் ஒன்று, மூடுவதற்கு முந்தைய கடைசி வாரம் ஒன்று என்பேன். இந்த இரண்டிலும்தான் வானிலையோடு பந்தயம் கட்டிக்கொண்டு வண்டிகள் ஏறுகின்றன.

கருவி எனக்கு ‘பூஜ்யம்’ என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? இரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை பாராலாச்சா லாவில் வண்டி எதுவும் போகவில்லையா, அல்லது கண்ணாடியில் பனி அப்பிக் கேமரா குருடானதா, அல்லது பேட்டரி இறந்ததா, அல்லது கருவி பார்த்துவிட்டது, செய்தி மட்டும் வந்து சேரவில்லையா? அலைபேசி அலை எட்டாத நீண்ட துண்டுகள் உள்ள சாலையில் இந்த நான்கும் கன்ட்ரோல் ரூம் திரையில் ஒரே வெற்றிடமாகத் தெரியும். தான் உயிரோடு இருப்பதைக் கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை சொல்ல வேண்டும், சொல்லாதபோது திரை அதைக் கூச்சலிட்டுக் காட்ட வேண்டும். சமவெளி ஒப்பந்தத்தில் ‘பழுதானால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்யப்படும்’ என்று எழுதிக்கொள்ளலாம். நவம்பரில் தார்ச்சாவுக்கு மேலே செத்த கருவியைத் தொட வசந்தம் வரவேண்டும். அங்கே கேட்க வேண்டியது, பழுதானதை எத்தனை நிமிடத்தில் நாம் அறிந்துகொள்வோம் என்பதை.

தலைப்பில் கேட்டதற்கு வருகிறேன். தார்ச்சாவிலிருந்து சர்சூ சுமார் 80 கிலோமீட்டர், நடுவே பாராலாச்சா லா. தார்ச்சா செக்போஸ்ட்டில் போலீசார் வண்டிகளைப் பதிவேட்டில் எழுதி அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எனக்கு அந்தப் பதிவேட்டின் மேல் பெரிய மரியாதை. ஏனென்றால் அது எண்ணிக்கைக்காக எழுதப்படுவதில்லை, இன்னார் உள்ளே போயிருக்கிறார் என்று ஒருவர் அறிந்திருப்பதற்காக எழுதப்படுகிறது. கண்காணிப்புக் கருவி செய்ய வேண்டிய வேலையும் அதுவே, இன்னும் விரைவாக. இரு முனையிலும் வண்டி அடையாளம் காணப்பட வேண்டும். அன்றைய வானிலையில் மற்ற வண்டிகள் கடக்க எவ்வளவு நேரம் எடுத்தன என்பது தெரிந்திருக்க வேண்டும். அதைவிட நெடுநேரம் ஒரு வண்டி வராவிட்டால், இருட்டுவதற்கு முன்னால் ஒரு மனிதருக்குச் செய்தி போக வேண்டும். 2021 ஏப்ரலில் பாராலாச்சா லாவில் பனிப்புயலில் சிக்கிய 150-க்கும் மேற்பட்டவர்களை எல்லைச் சாலைகள் அமைப்பினர் மீட்டார்கள். அப்படிப்பட்ட இரவில் மீட்கப் போகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவது ஒரு பட்டியல். மேலே எத்தனை வண்டி, எந்தெந்த வண்டி, எந்தத் துண்டில். இந்தப் பட்டியலைத் தர இயலாத கருவிக்கு, அதன் படங்கள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், தேர்ச்சி கொடுக்காதீர்கள்.

சுரங்கத்துக்குள் நாம் இதை நன்றாகவே செய்திருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தில் 150 மீட்டருக்கு ஒரு தொலைபேசி, 60 மீட்டருக்கு ஒரு தீயணைப்புக் குழாய், 250 மீட்டருக்கு ஒருமுறை நிகழ்வைத் தானே கண்டறியும் கேமரா அமைப்பு, ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றின் தரம் பார்க்கும் கருவி என்று திட்டமிட்டார்கள். ஆனால் இந்தச் சுரங்கம் வந்ததால்தான் முன்பு ரோத்தாங் கணவாயின் பனியால் அறுபட்டுக் கிடந்த பள்ளத்தாக்குக்குக் குளிர்காலத்திலும் ஆயிரக்கணக்கான சுற்றுலா வண்டிகள் வருகின்றன. 2024 டிசம்பர் இறுதியில் மணாலிப் பக்கத்துச் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே பனியில் வழுக்கி நூற்றுக்கணக்கான வண்டிகள் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டன. சுரங்கத்துக்குள் அல்ல, அதன் வாசலில். கண்ணுக்கு மேல் கண் வைத்த ஒன்பது கிலோமீட்டரை மட்டும் சோதித்துத் திருப்தி அடைந்துவிட வேண்டாம்.

சாலையில் வண்டியை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு லாஹௌலின் ‘பாகல் நாலா’வே சாட்சி. பெயருக்கேற்பப் பித்துப் பிடித்த ஓடை. பனியாற்றின் உருகுநீரால் இப்படிப்பட்ட ஓடைகள் காலையில் கணுக்கால் அளவும் பிற்பகலில் வண்டியைப் புரட்டும் அளவும் ஓடும். இதனால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் விடியுமுன் கிளம்புகிறார்கள். ஓடையின் நீர்மட்டத்தைப் பார்க்கும் எளிய உணரி ஒன்று, அதோடு இணைந்த சிவப்பு விளக்கு ஒன்று, இவை அந்த இடத்தில் எத்தனையோ வேகக் கேமராக்களைவிட மேல். பனிச்சரிவுக்கும் இதே வழி உண்டு. சுவிட்சர்லாந்தில் செர்மாட்டுக்குப் போகும் சாலையில் பனிச்சரிவு ரேடார் மேலே சரிவு புறப்பட்டதைக் கண்டதும் கீழே சாலை விளக்கைத் தானே சிவப்பாக்குகிறது. வடக்கு சிக்கிமில் 2022-இல் ராணுவமும் டி.ஆர்.டி.ஓ.வின் டி.ஜி.ஆர்.இ. ஆய்வகமும் சேர்ந்து 15,000 அடி உயரத்தில் அத்தகைய ரேடார் ஒன்றை நிறுவியிருக்கின்றன. ஆகவே இது நம்மால் இயலாதது அல்ல. நீங்கள் சோதிக்கும் அமைப்பு கண்டதை யாருக்குச் சொல்கிறது, கேலாங்கில் ஒரு திரைக்கா, அல்லது வளைவுக்கு இந்தப்பக்கம் வந்துகொண்டிருக்கும் லாரிக்காரருக்கா? கண்டறிந்த நொடியிலிருந்து ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்கும் நொடிவரை அளந்து பாருங்கள். பெரும்பாலான அறிக்கைகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன.

இன்னொரு வேண்டுகோள், மதிப்பீட்டுக் குழுவில் அந்தச் சாலையின் ஆட்களைச் சேருங்கள். ஜார்க்கண்டின் தும்கா பகுதியிலிருந்து ஒவ்வொரு பருவமும் வந்து எல்லைச் சாலைகளில் கல் உடைத்துத் தார் ஊற்றும் தொழிலாளர்கள், செக்போஸ்ட் காவலர்கள், கோடையில் பாங்கிலும் பாராலாச்சா லாவுக்கு அருகே உள்ள பரத்பூரிலும் கூடாரம் போட்டுத் தேநீர் விற்பவர்கள், டேங்கர் ஓட்டுநர்கள். கம்பம் எங்கே நட்டால் முதல் சரிவிலேயே போய்விடும், எந்த வளைவில் கறுப்புப் பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் என்று இவர்களுக்குத் தெரியும். நிழல் விழும் வளைவில் சூரியப் பலகையை நட்டு வைக்கும் அவலத்தை இவர்களிடம் பத்து நிமிடம் பேசினாலே தவிர்க்கலாம். இவர்கள் கையில் ஒரு நல்ல வயர்லெஸ் கொடுப்பதையும் கண்காணிப்பு அமைப்பின் பகுதியாகவே எண்ணி, அதையும் சோதியுங்கள்.

எல்லைப்புறச் சாலை என்பதால் ராணுவ வண்டிகளின் நடமாட்டம் வெளியே கசியக்கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தத் தரவைப் பூட்டி வையுங்கள். ஆனால் கருவி எத்தனை நாள் செத்துக் கிடந்தது, பனிநாளில் எத்தனை வண்டியைத் தவறவிட்டது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. அதை மறைக்கப் பாதுகாப்பைக் காரணம் காட்ட அனுமதிக்காதீர்கள்.

அடுத்த டெண்டரின் ஏற்புச் சோதனை விதிகளை எழுத உட்காரும்போது கீழ்க்கண்டதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சோதனை ஒரு முழுக் குளிர்காலமும் அதைத் தொடர்ந்த ஒரு பனியுருகும் பருவமும் நடக்கட்டும், கோடையின் இரண்டு வாரத்தோடு முடிய வேண்டாம். அந்தக் காலத்தில் முன்னறிவிப்பில்லாமல் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டியுங்கள், ஒருமுறை தகவல் தொடர்பைத் துண்டியுங்கள். சாலை திறந்த பிறகு ஒரு நாள், உங்கள் சொந்த வண்டி ஒன்றைத் தார்ச்சாவில் பதிவு செய்து அனுப்பி, பாராலாச்சா லாவுக்கு முன்னால் பத்திரமான இடத்தில் நிறுத்தி வையுங்கள். கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லாதீர்கள். அந்த வண்டியைத் தேடிக்கொண்டு எத்தனை மணி நேரத்தில் ஆள் வருகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை அறிக்கையின் முதல் பக்கத்தில், துல்லிய விழுக்காட்டுக்கு மேலே அச்சிடுங்கள்.

அன்புடன்,
சாலைப் பாதுகாப்பு பற்றி எழுதிவரும் ஒரு வாசகன்